காதுல சொல்ற படம்

இல்லண்ணே, ஒட்டுக் கேக்கல. நீங்க அந்தக் கைப்பிடிச் செவுத்துக்கிட்ட நின்னு போன்ல பேசிக்கிட்டு இருந்தீக, நான் இங்கன படியில உக்காந்திருந்தேன், காத்து இந்தப் பக்கமா அடிச்சுச்சு, காதுல விளுந்துருச்சு. பொண்ணு பேசிப் பூ வச்ச அன்னைக்கு மட்டும் ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு அந்தப் புள்ள, இப்ப என்னன்னா மரம் நட்ட மாதிரி நிக்குது, இத வச்சுக்கிட்டு என்னத்தலே இயல்பாப் படம் எடுக்கன்னு யாருகிட்டயோ கேட்டீக. அதுக்கு ஏன் இப்படித் தலையக் குனியிறீக? இருக்கிறதத்தான சொன்னீக. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. வருத்தப்படணும்னு தெரியுது, வரல. அம்புட்டுத்தான்.

உக்காருங்கண்ணே. இல்ல, அங்கன வேணாம், இந்தப் பக்கம் வாங்க. வெயில் கண்ணுல அடிக்கும் அங்கன.

நாத்தனா சினேகா வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அது வாசல்கிட்ட நிக்குது, அவுக அண்ணன் வந்ததும் கூட்டிட்டு வரும். கம்பெனியில அஞ்சு மணிக்கு எல்லா ரூமையும் பூட்டிச் சாவிய ஒப்படைச்சுட்டுத்தான் அவுக கிளம்ப முடியும். சிவகாசி ரோட்டுல இந்நேரம் பஸ்ஸு லாரியெல்லாம் வேற வரிசையா வரும். எங்கம்மா அந்தா வேப்ப மரத்தடி பெஞ்சுல இருக்கு. நாம பேசுறது அதுக்குக் கேக்காது. ஆனா பாத்துக்கிட்டேதான் இருக்கும். பாருங்க, கை சும்மா இருக்கா? முந்தானை நூலப் பின்னிக்கிட்டு இருக்கு. இருவது வருசம் சரவெடி பின்னுன கையி. கோயில்ல உக்காந்தாலும் எதையாவது எடுத்துப் பின்னும்.

நான் இம்புட்டுப் பேசுற ஆளில்லண்ணே. உங்ககிட்டத் தனியா ரெண்டு நிமிசம் பேசணும்னுதான் சினேகாவுக்கு முன்னாடியே வந்தேன். இந்தப் படங்க விசயமாத்தான்.

சினேகா லிஸ்ட்டு உங்களுக்கும் அனுப்பிருச்சா? பன்னெண்டு. எனக்கும் அனுப்புச்சு. இயல்பா இருக்கணுமாம், எதுக்கும் போஸ் குடுக்கக் கூடாதாம், கேமரா இருக்கிறதே தெரியாத மாதிரி இருக்கணுமாம். இயல்பா இருக்கிறதுக்குப் பன்னெண்டு பாயிண்டு எளுதி வச்சிருக்கு. மொதல்ல கரை மேல நடந்து வாரது. ரெண்டாவது படியில உக்காந்து தண்ணியப் பாக்குறது. அப்புறம் கல் எறியிறது. கண்மாயின்னு சொல்லக் கூடாதாம், லேக்குன்னு சொல்லணுமாம். நான் மறந்து கண்மாயின்னுதான் சொல்றேன். போன மாசம் மள பேஞ்சதுனால இம்புட்டுத் தண்ணி கெடக்கு. இல்லேன்னா ஆமத்தூர்க்காரி நான், எனக்குத் தெரியாதா, வெடிச்சுப் போன தரையும் சீமைக்கருவேலமும்தான் லேக்கு.

முனிசிபாலிட்டிக்காரங்க வச்ச அந்தச் சிமெண்டு மானு வராமப் பாத்துக்கோங்க. அதுக்குக் கண்ணுல மை போட்ட மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்காங்க, பாத்தாச் சிரிப்பு வரும். எனக்கு வராது, மத்தவுகளுக்கு வரும்.

நான் மூணு நாளா சாயங்காலம் இங்கன வந்து பாத்துட்டேண்ணே. வத்தல் மண்டியில பில் போடுற வேலை, நாலரைக்கு விட்டுருவாக. வெயில் எங்கன எறங்குது, எத்தன மணிக்குத் தண்ணியில மஞ்சளா விளுகுது, வாக்கிங் போறவுக எப்ப வாராக, எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். அஞ்சே காலுல இருந்து ஆறு வரைக்கும் நல்லாருக்கு. ஞாயித்துக்கிளமை படம் எடுக்கையில கூட்டம் வரும், அதனால அந்த மூலைக்குப் போயிருவோம். கொக்கெல்லாம் அங்கனதான் வந்து எறங்கும்.

நான் கேக்க வந்தது அந்த ஏளாவது படம்ணே. மாப்பிள்ளை பொண்ணு காதுல ஏதோ சொல்வாரு, பொண்ணு சிரிக்கணும். அதத்தான் பெருசாப் போடப் போறாகளாம், நிச்சயத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல ஃப்ளெக்ஸா. அதுல மட்டும் அவுகள எனக்கு இந்தப் பக்கம், வலது கைப் பக்கம் நிக்க வச்சு எடுத்துருங்க.

தெரியும்ணே, தெரியும். அத்தை சொல்லி விட்டிருக்காக. சினேகா அம்மா முத்துப்பேச்சி அத்தை ஒண்ணு சொன்னாச் சொன்னதுதான். தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் நிக்கணும், ஏறுன பெறகுதான் இடப்பக்கம். அவுக பெரிய மக நிச்சயத்துல எடுத்த ஒரு போட்டோவுல பொண்ணு பக்கம் மாறி நின்னுருச்சுன்னு, ஆல்பத்துல இருந்து அத மட்டும் உருவி அடுப்புல போட்டுட்டாகளாம். சினேகா சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அதனாலதான் பன்னெண்டு படத்துக்கும் பக்கத்துல பொண்ணு வலதுன்னு ஒரு குறிப்பு. பொண்ணு அவுகளுக்கு வலது பக்கம் நின்னா, அவுக எனக்கு இடது பக்கம்தான வருவாக. அது எனக்குத் தோதுப்படாதுண்ணே.

கன்னத்துல மச்சம் இருக்குல்ல, இந்தப் பக்கம். அதான்.

அத கம்ப்யூட்டர்ல எடுத்துருவீகளா. ம். வெயிலும் ஒரு காரணம். சாயங்காலம் வெயில் அங்கிட்டிருந்து வருது, அவுக அந்தப் பக்கம் நின்னா நெளல் என் மூஞ்சில விளுகும். சரி, வெள்ளை அட்டை பிடிச்சுச் சரி பண்ணிருவீக. உங்க தொளில் உங்களுக்குத் தெரியாதா.

அதுவும் நெனச்சுப் பாத்தேண்ணே, பக்கம் மாத்தி நிக்க வச்சு எடுத்துட்டுப் படத்தத் திருப்பிப் போட்டுக்கிறது. கண்ணாடியில பாக்குற மாதிரி. ஆனா மாராப்பு வலது தோளுக்குப் போயிருமே. அவுக வாச்சு வலது கைக்கு வந்துரும். அத்தை ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னு மொதல்ல மாராப்பத்தான் பாப்பாக.

ஏன்னு கேக்குறீக. கேப்பீக. நான் உங்க இடத்துல இருந்தாலும் கேப்பேன்.

எனக்கு இந்தக் காது கேக்காதுண்ணே. இடது காது. கொஞ்சமாக் கேக்குமான்னா இல்ல, சுத்தமா இல்ல. ஃப்ரிட்ஜு ஓடுற மாதிரி ஒரு சத்தம் மட்டும் உள்ள இருந்துக்கிட்டே இருக்கும். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. செல்வலட்சுமின்னு என் கூடப் படிச்சவ ஒருத்தி இருக்கா, அவளுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு.

அவுக வீட்டுல சொல்லல. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அம்மா சொல்லிருச்சு. சொன்னா அத்தை நிறுத்திருவாகன்னு அதுக்குப் பயம். நிறுத்துனாலும் நிறுத்துவாக. அதான் ராத்திரி பகலா எங்கம்மா மொகம் இப்படிக் கெடக்கு. அவுக என் காதுல ஏதோ சொல்லி, சினேகா பக்கத்துல நின்னு, அண்ணன் என்ன சொன்னுச்சு மதினின்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஞாயித்துக்கிளமை இந்தப் படியில வச்சே எல்லாம் வெளிய வந்துரும்.

பெறவியில இல்லண்ணே. மூணு வருசம் ஆச்சு. பி.காம் முடிச்சுட்டு சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில ஆபீஸ் வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன். ஆடி மாசம், சீசன் ஆர்டர் குடுக்க வடக்க இருந்து ஒரு பார்ட்டி வந்திருந்தாக. பார்ட்டி வந்தா பின்னாடி பொட்டல்ல சாம்பிள் வெடிச்சுக் காட்டுவாக. போர்மேன் ஒவ்வொண்ணா வச்சுப் பத்த வைப்பாரு, பார்ட்டி சத்தத்தக் கேட்டு இது அம்புட்டு, அது இம்புட்டுன்னு பெட்டிக் கணக்குச் சொல்வாக, நான் ஓரமா மேசை போட்டு எளுதணும். நீளக் குச்சி, மணல் வாளி, தண்ணி வாளி எல்லாம் பக்கத்துல இருக்கும். பத்தாமப் போன வெடிய யாரும் தொடக் கூடாது. கொஞ்ச நேரம் விட்டு, குச்சியில எடுத்துத் தண்ணி வாளியில முக்கிறணும். இது எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அன்னைக்கு ஒரு அணுகுண்டு பத்தல. திரி பாதி வரைக்கும் போயி அணைஞ்சுருச்சு. பார்ட்டிக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு மொதலாளி கையக் கையக் காட்டுனாரு, அடுத்தது, அடுத்தது. போர்மேன் அதக் குச்சியால ஓரமாத் தள்ளிவிட்டுட்டு அடுத்ததப் பத்த வைக்கப் போயிட்டாக. அது உருண்டு வந்து என் மேசைக் காலுக்கிட்ட நின்னுச்சு. நான் பாக்கல. பேனா மூடி கீள விளுந்துருச்சுன்னு குனிஞ்சேன்.

இல்ல, ஒரு காயமும் இல்ல. முடி கூடக் கருகல. அதான் பாருங்க. எந்திரிச்சு நின்னேன், எல்லாரும் வாயத் தொறந்து சிரிக்காக, சத்தமே இல்ல. பார்ட்டி கையத் தட்டுறாரு. அப்புறம் மெதுவா இந்தக் காதுல மட்டும் சத்தம் திரும்பி வந்துச்சு. மொதல்ல கேட்டது என்ன தெரியுமா, இந்த அயிட்டத்துல எரநூறு பெட்டி சேத்து எளுதிக்கோம்மான்னு மொதலாளி சொன்னது. சத்தம் நல்லா இருந்துச்சாம். எளுதுனேன்.

யாருட்டயும் சொல்லல. எதக் காட்டிச் சொல்ல? காயம் இருந்தாக் காட்டலாம். அதுவும் சீசன். விபத்துன்னு எளுதுனா ஆபீசருக வருவாக, பத்து நாளு பதினஞ்சு நாளு பூட்டிருவாக. எங்கம்மாவும் அதே கம்பெனியிலதான் பின்னிக்கிட்டு இருந்துச்சு. அடைச்ச மாதிரி இருக்கு, தானாச் சரியாப் போகும்னு இருந்துட்டேன். தீவாளி முடிஞ்சு செல்வலட்சுமிதான் காது டாக்டர்ட்ட இளுத்துக்கிட்டுப் போனா. நரம்பு போச்சு, வெடிச்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம்னாரு. சரி சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பளகிருச்சுண்ணே. பஸ்சுல இடது பக்க ஜன்னல் சீட்டுத்தான், பேசுறவுக எல்லாம் வலது பக்கம் வந்துருவாக. மண்டியில மேசையத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். கல்யாண வீட்டுல செவுத்த ஒட்டி உக்காந்துக்கிருவேன். அதுக்கும் மீறி யாராவது அந்தப் பக்கம் வந்து ஏதாவது சொன்னா, மூணு சிரிப்பு வச்சிருக்கேன். அவுக மொகம் சாதாரணமா இருந்தாச் சின்னச் சிரிப்பு. வருத்தமா இருந்தாத் தலைய மட்டும் ஆட்டணும். ரொம்ப நேரம் பேசுனா, கடைசியா அவுக வாய் நின்னதும், கொஞ்சம் நீளமாச் சிரிக்கணும்.

பூ வச்ச அன்னைக்கு நீங்க எடுத்தீகல்ல, அத்தன பேரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னாகளே. அது அந்த மூணாவது சிரிப்பு.

இப்ப உங்களுக்கு வெளங்கிருச்சு. மரம் மாதிரி நிக்கிறேன்னா, காதத் திருப்பிக்கிட்டே நிக்கிறேன்ணே. யாரு எந்தப் பக்கம் வாராகன்னு பாத்துக்கிட்டே நின்னா அப்படித்தான் இருக்கும்.

ம்? கேளுங்க. கம்பெனி பேரு வேணாம்ணே, எந்தக் கம்பெனியா இருந்தா என்ன. அந்த போர்மேனா? இருக்காக. அங்கனதான் இன்னும் வேலை பாக்குறாக. இப்பச் சாவி ஒப்படைச்சுட்டு வந்துக்கிட்டு இருப்பாக.

ஆமாண்ணே. அவுகதான். சினேகா அண்ணன் பிரபாகரன்தான்.

தண்ணி குடிக்கிறீகளா? பாட்டில் இந்தா இருக்கு.

எனக்கு அன்னைக்கே தெரியுமே, குச்சி யார் கையில இருந்துச்சுன்னு. கோவம் வந்துச்சான்னா, அதுவும் வந்திருக்கணும். வரல. பொண்ணு கேட்டு அவுக வீட்டுல இருந்து ஆள் வரவும் எங்கப்பா வெள்ளைத்துரைக்குத் தலகால் புரியல. போர்மேன் மாப்பிள்ளை, தானாத் தேடி வருதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துருச்சு. அம்மா என் மொகத்தப் பாத்துச்சு. நான் சரின்னுட்டேன். ஏன்னு கேட்டா, அதுக்கும் ஒண்ணு இருக்குண்ணே.

வெடிச்சதுக்கு அப்புறம் ஆறு மாசம் அதே ஆபீஸ்லதான் இருந்தேன். என் மேசைக்கு இடது பக்கம் வாசல். எல்லாரும் வாசல்ல நின்னுதான் கூப்பிடுவாக, ரெண்டு தடவ மூணு தடவ கூப்பிட்டுட்டு, என்னம்மா கனவான்னு கேட்டுட்டுப் போவாக. அவுக மட்டும் உள்ள வந்து, மேசையச் சுத்தி, பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கிற எடந்தான் இருக்கும், அங்கன வந்து நின்னு, லோடு சீட்டுல கையெளுத்துன்னு சொல்வாக. தெனமும். பீரோ கைப்பிடி இடுப்புல குத்தும், சட்டையில துரு அப்பியிருக்கும். ஃபேன் காத்துக்காக வந்து நிக்காகன்னுதான் நான் நெனச்சுக்கிட்டேன். வேலைய விட்டு வந்து ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நாள் பஸ்சுல வரையில தோணுச்சு, அந்த எடத்துக்கு ஃபேன் காத்தே வராது.

அப்படி எப்பவும் வலப்பக்கமே வந்த மனுசன்ணே. பூ வச்ச அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சாக, அத்தை சொன்ன மாதிரி நான் வலது, அவுக எனக்கு இடது. மேளம் போட்டுக்கிட்டு இருக்காக. பொம்பளையாளுக வந்து பூ வச்சுட்டுப் போறாக. அவுக குனிஞ்சு இந்தக் கேக்காத காதுல சொல்லிக்கிட்டே இருந்தாக. ரொம்ப நேரம். மூச்சுப் படுது, அதுனால பேசுறாகன்னு தெரியுது. திரும்பிப் பாக்க முடியாது, தலையில பூ வச்சுக்கிட்டு இருந்தாக. மூச்சு நின்னுச்சு. நான் சிரிச்சேன்.

நீங்க ஒரு கை தூரத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தீக, அண்ணே. அந்தப் பக்கந்தான். உங்களுக்குக் கேட்டிருக்கும்.

மச்சம், வெயிலு, ஏளாவது படம் எல்லாம் நெசந்தான். பொய் சொல்லல. ஆனா நான் வந்தது இதக் கேக்கத்தான். என்ன சொன்னாக?

லென்ஸ அப்புறம் தொடச்சுக்கோங்க. கேட்ட வரைக்கும் சொல்லுங்க, போதும். யாருட்டயும் சொல்ல மாட்டேன், யாருட்டயும் எதையும் சொல்ற ஆளா நான்.

ம்.

மொத வார்த்தையே அதுவா. இந்தக் காதுல சொன்னா உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்னா.

ம். சொல்லுங்க.

தண்ணி வாளி ரெண்டடியிலதான் இருந்துச்சுன்னு. முக்காம விட்டது நாந்தான்னு. ம். அது எனக்குத் தெரிஞ்சதுதான்.

அந்தக் காதுல சொல்ல எனக்குத் தைரியம் இல்லன்னு சொன்னாகளா.

உங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, பாவம். ரெண்டு பேரும் ஏதோ வெளையாட்டுப் பேச்சுன்னு நெனச்சிருப்பீக. நான் வேற அப்படிச் சிரிச்சேன். அதுக்காண்ணே சிரிச்சேன் நான்? நீளமா?

அதுக்கப்புறம் அவுக எந்திரிச்சுப் போயி கொளாயில மொகங் களுவிட்டு வந்தாக. அது நானும் பாத்தேன். வேர்வைன்னு அத்தைட்டச் சொன்னாக.

வேற ஒண்ணும் இல்லையா. சரி. போதும்.

இல்லண்ணே, அளுகல. பாருங்க, கண்ணு காஞ்சுதான் கெடக்கு.

அந்தா வாராக. நீலச் சட்டை. சினேகா முன்னாடி ஓடி வருது பாருங்க, கையக் கையக் காட்டிக்கிட்டு. மதினி வலது, மதினி வலதுன்னு. எங்கம்மா எந்திரிச்சு நின்னுருச்சு. இன்னைக்குச் சும்மா வெளிச்சம் பாக்க ரெண்டு மூணு எடுக்கிறதுதான? அப்ப ஏளாவதையே மொதல்ல எடுத்துருவோம். மானு தெரியாத மாதிரி இங்கனயே, இந்தப் படியிலயே.

அவுகள அப்படியே நிக்கச் சொல்லுங்கண்ணே, நகர வேணாம். என்னால அம்புட்டுச் சத்தமாச் சொல்ல முடியாது, நீங்க சொல்லுங்க. சினேகா கத்துனாக் கத்தட்டும், அத்தைக்குப் பிடிக்கலேன்னா இந்தப் படத்தையும் அடுப்புல போட்டுக்கிறட்டும். அன்னைக்குச் சொன்னதையே இன்னொருக்காச் சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க, அவுகளுக்குப் புரியும்.

இந்தப் பூவக் கொஞ்சம் பிடிங்க. காத மறைக்குது.

சுத்தி வந்துட்டேண்ணே, இந்தா, அவுகளுக்கு இடப்பக்கம் நின்னுட்டேன். ஒண்ணும் பேசாதீக இப்ப. குனியிறாக.